பொறி விழாத பூட்டு: மழுங்கிய சிக்கிமுக்கிக் கல் – ஒரு நிகழ்வு ஆய்வு

பழுதுக்கு வந்த பொருள் ஒரு தேக்குப் பலகை. அதன் நடுவில் திருகி வைத்த ஒரு பழைய பாணித் துப்பாக்கிப் பூட்டு. குழாய் கிடையாது, கட்டையும் கிடையாது. குதிரை எனப்படும் சுத்தியல் போன்ற கையைப் பின்னுக்கு இழுத்து விசையை அமுக்கினால், குதிரையின் வாயில் கடித்திருக்கும் சிக்கிமுக்கிக் கல் எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகு முகத்தை உரசிக்கொண்டு இறங்கிப் பொறி கொட்ட வேண்டும். அது ஒன்றுதான் அதன் வேலை. சென்னைக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறை, 18-ஆம் நூற்றாண்டுப் படைகளைப் பற்றிய வகுப்பில் காட்டுவதற்காக இதை வைத்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் சிப்பாய்கள் சுமந்த மஸ்கட் என்ற நீளத் துப்பாக்கியின் பூட்டைப் பார்த்துச் செய்த நகல்.

பழைய கடிகாரம், ஆய்வகத் தராசு, பாட மாதிரி என்று எது வந்தாலும் பார்க்கும் பட்டறை பெரம்பூரில் எனக்கு இருக்கிறது. அங்கே வந்தபோது இந்தப் பூட்டு பேருக்குக்கூட ஒரு பொறி விடவில்லை. கொண்டுவந்த பேராசிரியை கேட்டது ஒரே கேள்வி: "கல்லு தேஞ்சு போச்சு சார். புதுக் கல்லு எங்க கிடைக்கும்?"

நான் கல்லைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். நீளத்தில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தது. "கல்லு இன்னும் இருக்கு மேடம். முனைதான் செத்திருக்கு" என்றேன். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பொறி நின்றதும் கல்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நல்ல கல் நம் ஊரில் கடையில் கிடைப்பதில்லை, இங்கிலாந்திலிருந்தோ பிரான்சிலிருந்தோ வரவழைக்க வேண்டும். ஒரு கல்லிலிருந்து நாலைந்து மடங்கு ஆயுளை எடுக்க முடியும்போது அதைக் குப்பையில் போடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

அவரிடம் விசாரித்ததில் தெரிந்தது இது. வாங்கிய புதிதில் பூட்டு நன்றாகவே பொறி கொட்டியிருக்கிறது. ஒரு பருவம் ஓடியதும் குறைய ஆரம்பித்தது. யாரோ யோசனை சொல்ல, கிரானைட்டுக்குப் பாலிஷ் போடும் ஒரு பட்டறையில் கொடுத்து, கல்லின் முனையைச் சக்கரத்தில் பிடித்துத் தீட்டி வாங்கியிருக்கிறார்கள். அதன்பின் கொஞ்ச நாள் மங்கலாக ஏதோ வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. கடற்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்று துறை உதவியாளர் வாரா வாரம் தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பதையும் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு அங்கேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

பொறி எதிலிருந்து வருகிறது

பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சிறு வயதில் வெங்கச்சங்கல் இரண்டை இருட்டில் உரசி விளையாடிய பழக்கம் அப்படி நினைக்க வைக்கிறது. அந்த மினுக்கு வேறு வகை. கற்கள் உரசி உடையும்போது உள்ளிருந்து வரும் குளிர்ந்த ஒளி அது, பஞ்சைக்கூடப் பற்றவைக்காது. துப்பாக்கிப் பூட்டில் விழும் பொறி எஃகின் பொறி. கல்லின் கூரான விளிம்பு கடினப்படுத்திய எஃகை மிக மெல்லிய சீவல்களாகச் சுரண்டுகிறது. சுரண்டும் வேகத்திலேயே சீவல் சூடேறி, காற்று பட்டதும் எரிகிறது. ஆக, கல் ஒரு வெட்டும் கருவி. எஃகுதான் விறகு.

இதைப் பிடித்துக்கொண்டால் பழுதுகளை வரிசையாகத் தேடலாம். விளிம்பு மழுங்கினால் கல் வெட்டாது, வழுக்கும். எஃகின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தாலும் வழுக்கும், சீவல் வந்தாலும் சூடு ஏறாது. எஃகு மென்மையாகிப் போயிருந்தால் ஆழமாகக் கீறும், பொறி சிவப்பாகத் தோன்றிப் பாதியிலேயே அணையும். கல் கோணலாக உட்கார்ந்திருந்தால் ஒரு மூலை மட்டும் வெட்டும், மீதி சும்மா வரும். இந்தப் பூட்டில் மூன்று பழுதுகள் ஒன்றாக இருந்தன.

ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். இது குழாயில்லாத பாடப் பலகை. வீட்டில் தாத்தா காலத்து நிஜத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொருந்தும். பழசு என்பதாலேயே விலக்கு வந்துவிடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்குத்தான் விலக்கு. சென்னையில் உரிமம் தருவது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம். அங்கே கேட்டுத் தெளிவு பெறாமல் யாரும் அதன் பூட்டில் கை வைக்க வேண்டாம். உள்ளே பழைய வெடிமருந்து அடைத்தபடி கிடக்கும் குழாய்கள் உண்டு.

பூதக்கண்ணாடியில் பார்த்தது

கடிகாரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு முதலில் எஃகு முகத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இதற்கு ஃபிரிஸன் என்று பெயர். நம் பட்டறையில் நாங்கள் எஃகு முகம் என்றே சொல்லிக்கொள்கிறோம். முகத்தின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ஆழமான கீறல்கள் நேர்கோடாக இறங்கியிருந்தன. வலப்பக்கம் புதுசு மாதிரி. மொத்தத்துக்கும் மேலே பழுப்பாக ஒரு பிசுக்கு. எண்ணெயும் தூசியும் மெல்லிய துருவும் சேர்ந்து காய்ந்து போனது.

கல்லும் அதே கதையைத் திருப்பிச் சொன்னது. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து பிராண்டன் ஊர்க் கறுப்புக் கல் போலத்தான் இருந்தது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து தோண்டி எடுப்பது. நெப்போலியன் காலத்தில் பிரிட்டிஷ் படைக்குக் கல் போனது அந்த ஊரிலிருந்துதான். அகலம் 28 மி.மீ. இருக்கும். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் முன்னோக்கிச் சரிவு. சரிவின் நுனியில் சக்கரத்தில் தீட்டிய இடம் கண்ணாடி போல மினுமினுத்தது. தீட்டியவர் முனை உடையக் கூடாது என்று பார்த்திருக்கிறார். அதனால் விளிம்பின் கோணம் அகன்று, உளி மாதிரி இருக்க வேண்டியது ஆப்பு மாதிரி ஆகிவிட்டது. விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து மெதுவாக இழுத்தால், நல்ல விளிம்பு நகத்தில் பிடிக்கும். இது சறுக்கிக்கொண்டு போனது.

கல்லைச் சுற்றியிருந்த தோலையும் பார்க்க வேண்டும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. தடித்த, பஞ்சு போன்ற தோல். ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் உப்பியிருந்தது. அதனால் குதிரையின் தாடை எவ்வளவு இறுக்கினாலும் கல் இடப்பக்கம் முன்னே தள்ளி, வலப்பக்கம் பின்வாங்கி நின்றிருக்கிறது. இடது மூலை மட்டும் ஒவ்வொரு அடியையும் வாங்கியிருக்கிறது. கல் சீக்கிரம் மழுங்கியதற்கு மூல காரணம் இந்தத் தோல்தான். தோலை மாற்றாமல் கல்லை எத்தனை தடவை கூராக்கினாலும் அதே மூலைதான் மறுபடி சாகும்.

எஃகின் கடினத்தைச் சோதிக்க, முகத்தின் ஓரத்தில், கல் படாத இடத்தில், நைசான அரத்தை லேசாக ஓட்டினேன். அரம் கடிக்காமல் வழுக்கியது. அதாவது எஃகு கெட்டியாகத்தான் இருக்கிறது, அதை அம்பத்தூர்ப் பக்கம் வெப்பப் பதனம் செய்யும் இடத்துக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. முகத்தைப் பிடித்திருக்கும் வில்லும் அளவாக இருந்தது. அந்த வில் ரொம்ப விறைப்பாக இருந்தால் எஃகு முகம் திறக்காமல் கல்லை எதிர்த்து நிற்கும், விளிம்பு பொடிந்து போகும்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு. பஞ்சில் தின்னர் நனைத்து முகத்தையும் கல்லையும் துடைத்தேன். விசையைத் தட்டினால் இடது ஓரத்தில் மட்டும் நாலைந்து சிவப்புப் பொறி வந்து காற்றிலேயே அணைந்தது. நல்ல பொறி மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும், எஃகு முகத்துக்குக் கீழே வெடிமருந்து வைப்பதற்காக இருக்கும் சின்னக் கிண்ணத்துக்குள் விழுந்த பிறகும் ஒரு கணம் எரியும். ஆனாலும் சுத்தம் செய்ததாலேயே கொஞ்சம் உயிர் வந்தது என்பதால், எண்ணெய் ஒரு காரணம் என்பது உறுதியானது.

சில்லு எடுத்தல்

மழுங்கிய கல்லைக் கூராக்க மூன்று வழி வழக்கில் உண்டு. கல்லைக் குதிரையிலேயே விட்டுவிட்டு, சின்னப் பித்தளைச் சுத்தியால் விளிம்பைத் தட்டி உடைப்பது ஒன்று. சண்டைக்கு நடுவே சிப்பாய்க்கு அதற்குத்தான் நேரம் இருந்தது. கழற்றி எடுத்து, செம்பு முனையால் அழுத்திச் சில்லு எடுப்பது இரண்டாவது. வைர அரத்தில் தேய்ப்பது மூன்றாவது.

மூன்றாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேய்த்த விளிம்பு தொட்டால் கூர்மையாக இருக்கும், வேலையில் நிற்காது. தேய்த்த இடம் வழவழப்பாக, ஒரே கோடாக இருப்பதால் எஃகின்மேல் சவாரி செய்கிறது. சில்லு எடுத்த விளிம்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பல் பல்லாக இருக்கும், ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகக் கடிக்கும். பேராசிரியை சட்டென்று பிடித்துக்கொண்டார்: "அம்மி வழவழன்னு ஆயிடுச்சுன்னா கொத்துறவரைக் கூப்பிடுவோமே, பாலிஷா போடுவோம்?" அதேதான். இனி இந்த விஷயத்தை யாருக்குச் சொன்னாலும் அம்மி கொத்துவதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் வழியும் இங்கே சரிப்படாது. தோலை எப்படியும் மாற்ற வேண்டும், கல் கழன்றுதான் ஆக வேண்டும். அதோடு குதிரையில் வைத்துத் தட்டும் ஒவ்வொரு அடியும் பூட்டின் உள்ளுறுப்பு வரை போகும். பாட மாதிரிக்கு அந்த உதை தேவையில்லை. ஆகவே இரண்டாவது வழி.

கருவி எளிமையானது. செம்புதாஸ் தெருவில் இரும்புக்கடையில் வாங்கிய கனத்த எர்த்திங் செம்புக் கம்பியில் ஒரு சாண். ஒரு முனையை மரக் கைப்பிடியில் அடித்து இறக்கி, மறுமுனையை மழுங்கலான கூம்பாக அரத்தில் தேய்த்துக்கொண்டேன். செம்பு ஏன் என்றால், அது மென்மையானது. கல்லின் விளிம்பு செம்பில் லேசாகப் புதைந்து பிடிப்பு கிடைக்கும். இரும்பு ஆணியால் அழுத்தினால் விளிம்பு பொடியாகும். உள்ளங்கைக்குத் தடித்த தோல் ஒன்று.

வேலையை வெளித் திண்ணையில் வைத்துக்கொண்டோம். கண்ணாடியும் என்-95 முகக்கவசமும் போட்ட பிறகுதான் பட்டறைத் தம்பியைப் பக்கத்தில் விட்டேன். இது சம்பிரதாயத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை இல்லை. இந்தக் கல் முழுக்க சிலிக்கா. அதன் தூசு நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. பிராண்டனில் கல் உடைத்தே வாழ்ந்தவர்களில் எத்தனையோ பேர் இளம் வயதிலேயே மூச்சுத் திணறிச் செத்தார்கள். நம் ஊரில் கல் குவாரியிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் வேலை செய்பவர்களைத் தாக்குகிற அதே சிலிக்கோசிஸ்தான் அதுவும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். தெறிக்கும் சில்லு பிளேடை விடக் கூர்.

கல்லின் தட்டையான அடிப்பக்கத்தை மேலே பார்க்க வைத்து, தோலோடு சேர்த்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். செம்பு முனையை விளிம்பின்மேல் வைத்தேன். முதலில் கல்லின் உள்பக்கமாக அழுத்தம், அதை விடாமலே கடைசியில் கீழ்நோக்கி ஒரு சிறு நெட்டு. இந்த வரிசை முக்கியம். 'டிக்' என்று ஒரு சன்னமான சத்தம், தோலின்மேல் மீன் செதிள் மாதிரி ஒரு சில்லு. கீழே இருந்த சரிவுப் பக்கத்தில் தீட்டிய பளபளப்பில் ஒரு துண்டு போயிருந்தது. ஒரு சில்லு போனால் அதன் இரண்டு பக்கமும் மெல்லிய வரப்பு நிற்கும். அடுத்த அழுத்தத்தை அந்த வரப்பின்மேல் கொடுத்தால் சில்லு வரப்பைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓடும். இப்படியே வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு வந்தேன்.

நடுவில் ஓரிடத்தில் சில்லு முழுக்க ஓடாமல் பாதியில் முறிந்து ஒரு படி விட்டது. கல்லில் இது சகஜம். படி விழுந்த இடத்தை அதே பக்கமிருந்து திரும்பத் திரும்ப அழுத்தினால் படி உயரமாகிக்கொண்டே போய் முனையில் ஒரு திமில் கட்டிவிடும். மழுங்கிய பழைய கற்களில் நடுவில் மேடு தெரிவது பெரும்பாலும் இதனால்தான். பக்கத்து இரண்டு இடங்களிலிருந்து சாய்வாக அழுத்தி, படியின் வேரையே வெட்டினால் அது போய்விடும். போனது. அப்புறம், விளிம்பில் இழை மாதிரி நின்ற மிக மெல்லிய துணுக்குகளைச் செம்பின் பக்கவாட்டால் லேசாக உரசி உதிர்த்தேன். அவை பார்க்கக் கூராக இருக்கும், முதல் அடியிலேயே உடைந்து கிண்ணத்தில் விழும். மொத்தத்தில் கல் இழந்தது ஒன்றரை மி.மீ. போல.

உட்கார வைத்தல்

பெரியமேட்டில் வாங்கிய மெல்லிய, கெட்டியான ஆட்டுத்தோல் துண்டைக் கல்லின் அகலத்துக்கு வெட்டி இரண்டாக மடித்தேன். மடிப்பின் நடுவில் ஒரு ஓட்டை, தாடைத் திருகு நுழையும் அளவு. இந்த ஓட்டை இருந்தால் கல்லின் பின்பக்கம் நேராகத் திருகின் தண்டிலேயே முட்டி நிற்கும், அடி வாங்கும்போது பின்னால் நழுவாது. பழைய தோலில் ஓட்டையே இல்லை. படைகளில் தோலுக்குப் பதில் ஈயத் தகட்டையும் சுற்றினார்கள். இந்தச் சின்னப் பூட்டுக்கு ஈயத்தின் கூடுதல் எடை வேண்டாம் என்று நினைத்தேன்.

தாடைத் திருகைப் பாதி இறுக்கிவிட்டு, எஃகு முகத்தை மூடி, குதிரையைக் கட்டைவிரலால் பிடித்தபடியே மெதுவாக முன்னே விட்டேன். விளிம்பு முகத்தைத் தொடும் இடத்தில் ஒரு பஸ் டிக்கெட் தாளை நுழைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இடைவெளி என்று தெரிந்துவிடும். இரண்டு மூலையிலும் தாள் ஒரே மாதிரி பிடிக்கும்வரை கல்லைத் திருப்பி, பிறகு முழுக்க இறுக்கினேன். குதிரை அரை நிலையில், அதாவது பாதி இழுத்த நிலையில், நிற்கும்போது விளிம்புக்கும் முகத்துக்கும் நடுவே இரண்டு மி.மீ. இடைவெளி இருந்தது. அதற்குக் குறைந்தால் முகத்தை மூடும்போதே விளிம்பில் இடிக்கும்.

சரிவு மேலேயா கீழேயா என்று எல்லோரும் கேட்பார்கள். பொது விதி கிடையாது. சரிவு மேலே இருந்தால் விளிம்பு தாழ்ந்து நிற்கும், கீழே இருந்தால் உயர்ந்து நிற்கும். எது முகத்தின் மேல் பாதியில் தொட்டு, அங்கிருந்து நீளமாக உரசிக்கொண்டு இறங்குகிறதோ அது சரி. இந்தப் பூட்டுக்குச் சரிவு மேலே.

முகத்தில் கறுப்பு மார்க்கரைப் பூசி ஒரு தடவை தட்டினேன். மை போன இடம் அகலம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. மையைத் தின்னரில் துடைத்துவிட்டு, பட்டறை விளக்கை அணைத்து மறுபடி தட்டினேன். கிண்ணம் நிறைய வெள்ளைப் பொறி, உள்ளே விழுந்தும் சிலது ஓடி எரிந்தது. "அண்ணா, இன்னொரு வாட்டி!" என்றான் தம்பி. பேராசிரியை கை தட்டினார்.

பிறகு

அடுத்த பருவம் முடிந்து பலகை திரும்ப வந்தபோது கல்லைப் பார்த்தேன். விளிம்பு முழுக்கச் சமமாகத் தேய்ந்திருந்தது, மூலை எதுவும் உருளவில்லை. அது போதும், தோல்தான் மூல காரணம் என்று உறுதி செய்ய. எண்ணெய் விஷயத்தில் ஒரு ஏற்பாடு: பூட்டின் மற்ற பாகங்களுக்கு எண்ணெய் உண்டு, எஃகு முகத்துக்கும் கல்லுக்கும் கிடையாது. முகத்தில் துரு தட்டினால் வகுப்புக்கு முன் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். சென்னை ஈரக்காற்றில் துருவை அடியோடு தடுக்க முடியாது, அந்த மெல்லிய துருவைக் கல்லே சுரண்டிக்கொண்டு போய்விடும்.

உதிர்ந்த சில்லுகளைப் பேராசிரியை கேட்டு வாங்கிக்கொண்டார். 1863-இல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த பழைய கற்காலக் கைக்கோடரியைப் பற்றிச் சொல்லும்போது, கல் எப்படி அலை அலையாக உடையும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சாமான் கிடையாது என்றார். அந்தக் கோடரி குவார்ட்சைட் என்ற பாறை, தட்டி உடைத்துச் செய்தது. இது ஃபிளிண்ட், அதாவது சிக்கிமுக்கிக் கல், அழுத்தி எடுத்தது. ஆனால் உடையும் விதம் ஒரே இயற்பியல்தான். டப்பாவின் மேல் தேதியும் 'புதுச் சில்லு, பயிற்சிக்கானது' என்ற குறிப்பும் எழுதி ஒட்டச் சொன்னேன். துறையில் நிஜமான பழங்கற்கருவிகளும் இருக்கின்றன. பின்னால் வருபவர் யாராவது இரண்டையும் கலந்துவிட்டால், அந்தச் சேகரிப்பை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாமல் போய்விடும்.

உள்ளூரில் மாற்றுக் கல் உண்டா என்றும் கேட்டார். சௌகார்பேட்டையில் ரத்தினக்கல் வியாபாரியிடம் வாங்கிய அகேட் துண்டு ஒன்றை அறுத்துப் பொருத்திப் பார்த்தோம். பொறி நன்றாகவே வந்தது. ஆனால் அறுத்த அகேட் செம்பு முனைக்கு எளிதில் சில்லு தருவதில்லை, எஃகு முகத்தையும் ஆழமாகக் கீறுகிறது. கல் போனால் இன்னொரு கல், எஃகு முகம் போனால் வெப்பப் பதனம் வரை அலைய வேண்டும். அதனால் அகேட்டை அவசரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தோம்.

இப்போது இருக்கும் கல் இன்னும் சில தடவை சில்லு எடுக்கத் தாங்கும். குட்டையாகும்போது அதன் பின்னால் தோல் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்து முன்னே தள்ளிக்கொள்ளலாம். தாடையின் உதடே எஃகு முகத்தைத் தொடும் அளவுக்குக் குட்டையானால் அன்றைக்குத்தான் அதை மாற்ற வேண்டும். செம்புக் கம்பியையும் தோலையும் பலகையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். உதவியாளருக்கு உடைந்த பீங்கான் ஓட்டில் அழுத்தம் பழக்கி விட்டிருக்கிறது, அடுத்த சில்லை அவரே எடுப்பார்.